அணில்பிள்ளை கையில் கிடைத்தால்: பாலாடையை எடுப்பதற்கு முன்



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்தில் ரசீதுப் புத்தகங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மக்தப் பிள்ளைகள் மூன்று பேர் வாசலில் வந்து நின்றார்கள். ஒருவன் தொப்பியைக் கழற்றி அதற்குள் எதையோ ஏந்திக்கொண்டிருந்தான். பார்த்தால் ஓர் அணில். பள்ளி ஹவுளில் விழுந்து கிடந்ததாம். முடியெல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டி, எலிக்குஞ்சு போல் சிறுத்துக் கிடந்தது. தொட்டால் ஐஸ். கூட இருந்தவர்கள், "மௌத்தாயிடுச்சு தம்பி, கொண்டுபோய்ப் புதைச்சிடுங்க" என்றார்கள். தொப்பியை வைத்திருந்தவன் மட்டும் நகரவில்லை. "மூச்சு வருது சார்" என்றான்.

வந்துகொண்டுதான் இருந்தது. விலாவில் மிக லேசாக ஓர் அசைவு. முக்கால் மணி நேரத்தில் அது கால் உதைத்தது. மக்ரிபுக்குள் என் கட்டைவிரலைக் கடித்து ரத்தம் வரவைத்துவிட்டது. மறுநாள் காலையில் வேப்பமரத்தடியில் பெட்டியைத் திறந்தோம். திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிப் போய்விட்டது.

இதை நான் பெருமைக்கு எழுதவில்லை. இதற்கு நான்கு வருடம் முன்பு என் வீட்டிலேயே ஓர் அணில்பிள்ளையை நாங்கள் கொன்றிருக்கிறோம். அன்போடு, கண்ணீரோடு, கையில் பாலாடையோடு கொன்றோம். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மழைக்காலம். தென்னை ஏறுபவர் காய்ந்த மட்டைகளைக் கழிக்கும்போது ஒரு கூடு விழுந்தது. அதற்குள் மெல்லிய முடி முளைத்த, கண் திறக்காத ஒரே ஒரு குட்டி. ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் இளைய மகள் அதை உள்ளே எடுத்து வந்தாள். என் உம்மா ஒன்பது பிள்ளைகளைப் பாலாடையில் ஊட்டி வளர்த்தவர்கள். பசும்பாலைக் காய்ச்சி ஆற்றி, குட்டியை மடியில் மல்லாத்திப் போட்டு, பாலாடையால் வாயில் விட்டார்கள். இரண்டு மிடறு குடித்தது. பிறகு மூக்கில் பால் நுரை வந்தது. துடைத்துவிட்டுத் துணியில் சுற்றி வைத்தோம். இரவெல்லாம் 'டிக், டிக்' என்று ஒரு சத்தத்தோடு மூச்சு விட்டது. சுபுஹுக்கு எழுந்து பார்த்தபோது முடிந்திருந்தது. அதன் ஆயுசு அவ்வளவுதான் என்று சொல்லிப் பிள்ளையைத் தேற்றினோம்.

சில வாரங்கள் கழித்து ஆடு விஷயமாக அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போயிருந்தபோது பேச்சுவாக்கில் இதை மருத்துவரிடம் சொன்னேன். அவர் மறைக்காமல் சொல்லிவிட்டார்: குளிர்ந்து கிடந்த குட்டிக்குப் பால் கொடுத்ததும், அதை மல்லாத்திக் கொடுத்ததும்தான் காரணம், பால் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போயிருக்கிறது. வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்ததை மகள் கேட்டுவிட்டாள். "வாப்பா, அப்ப நாமதான் கொன்னோமா?" என்றாள். உம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். உம்மா இப்போது இல்லை, அதனால் எழுதுகிறேன்.

வாயில்லா ஜீவன்களிடம் இரக்கம் காட்டுவது பற்றி ஜும்ஆ பயான்களில் நிறையக் கேட்டிருக்கிறோம். இரக்கம் நம் வீடுகளில் குறைவில்லை. முறைதான் தெரியவில்லை. அந்த மருத்துவரிடம் பிறகு பலமுறை கேட்டுத் தெரிந்துகொண்டதையும், படித்ததையும், கைப்பட அறிந்ததையும் இங்கே வைக்கிறேன்.

சூடு, நீர், உணவு: இந்த வரிசை மாறக்கூடாது

நம் ஊரில் நாம் பார்ப்பது முதுகில் மூன்று வெள்ளைக் கோடு போட்ட அணில். நன்கு வளர்ந்ததே சுமார் 100 கிராம்தான் இருக்கும். இவ்வளவு சிறிய உடம்பு சீக்கிரம் சூட்டை இழந்துவிடும். உடம்பு குளிர்ந்துவிட்டால் குடல் வேலை செய்யாது, விழுங்கும் சக்தியும் மங்கிவிடும். அந்த நிலையில் வாயில் விடும் எதுவும், தண்ணீரானாலும், மூச்சுக்குழாய்க்குள் போகும். தப்பித் தவறி வயிற்றுக்குள் போனாலும் செரிக்காமல் கெடும். ஆகவே மயங்கிக் கிடக்கும் அணிலின் வாயில் எதையும் விடாதீர்கள். ஜம்ஜம் தண்ணீர் ஒரு சொட்டு விடலாமா என்று ஒரு மாமி கேட்டார்கள். அதையும் அது கண் விழித்து, தலை தூக்கி, தானாக நக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வேலை, ஒரு தடித்த துணியை மேலே போட்டு மெதுவாக அள்ளி எடுப்பது. வெறுங்கை வேண்டாம், மயங்கிக் கிடப்பது திடீரென்று விழித்தால் கடிக்கும். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. வாலின் தோல் உருவிக் கையோடு வந்துவிடும். செருப்பு வரும் அட்டைப்பெட்டியில் காற்றுக்கு நாலைந்து துளை போட்டு, பழைய பனியன் துணியை விரித்து அதில் வையுங்கள். நூல் பிரியும் டவல் வேண்டாம், நகம் மாட்டிக்கொள்ளும்.

பிறகு சூடு. ஒரு தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, துணியால் இரண்டு சுற்றுச் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும் வெந்நீரைப் புறங்கையில் விட்டுப் பார்ப்போமே, சுற்றிய துணியைத் தொட்டால் அந்தச் சூடு தெரிய வேண்டும்; அதற்கு மேல் போகக்கூடாது. மறுபக்கம் சூடில்லாமல் இருக்கட்டும். தெளிந்ததும் தனக்கு வேண்டாமென்றால் அது நகர்ந்துகொள்ளும். பாட்டில் ஆறினால் உடனே மாற்ற வேண்டும். ஆறிய பாட்டில் இருக்கிற சூட்டையும் உறிஞ்சிவிடும். வெயிலில் வைப்பது, அடுப்பங்கரையில் வைப்பது, குண்டு பல்பைத் தலைக்கு நேராகத் தொங்கவிடுவது எல்லாம் ஆபத்து. பெட்டியை மூடி, இருட்டான, சத்தமில்லாத அறையில் வைத்துவிடுங்கள்.

மூடிவிட்டால் திறக்காதீர்கள். இதுதான் பிள்ளைகளுக்குக் கடினம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள், போன் வெளிச்சத்தில் படம் எடுப்பார்கள். அணிலுக்கு நாமெல்லாம் பூனைக்குச் சமம். அடிபட்ட உடம்போடு பயமும் சேர்ந்தால் அந்தப் பயத்திலேயே அது சாகலாம். அரை மணிக்கு ஒருமுறை பெரியவர் ஒருவர் மட்டும் பார்த்தால் போதும்.

குளிர்ந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்துச் செத்துவிட்டதாக முடிவு கட்டாதீர்கள். முடியில்லாத குட்டி குளிரில் நீலம் பாரித்து அசையாமல் கிடக்கும். ஒரு மணி நேரச் சூட்டில் நெளியத் தொடங்கும். மூக்கருகே பஞ்சு இழையைப் பிடித்துப் பாருங்கள், விலாவைக் கவனியுங்கள், கால்விரலை லேசாகக் கிள்ளிப் பாருங்கள். காலை இழுத்துக்கொண்டால் உயிர் இருக்கிறது. தண்ணீரில் விழுந்ததென்றால் துணியில் சுற்றி, தலை சற்றுக் கீழே இருக்கும்படி சில நொடிகள் பிடித்தால் வாயிலுள்ள நீர் வடியும். உதறவோ வீசிச் சுழற்றவோ கூடாது. அதன் பின் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டுச் சூடு. ஹவுளில் விழுந்த அணிலுக்கு நாங்கள் செய்தது இவ்வளவுதான்.

மூக்கில் ரத்தம், தலை ஒருபக்கம் சாய்ந்திருப்பது, வட்டமடித்துச் சுற்றுவது இவையெல்லாம் மண்டையில் அடிபட்டதன் அறிகுறிகள். அப்படிப்பட்டதை அதிகம் சூடாக்கக்கூடாது. உடம்பு குளிராமல் இருந்தால் இருட்டும் அமைதியும் போதும், மற்றது மருத்துவர் வேலை. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்ந்தால் முதுகெலும்பு அடிபட்டிருக்கலாம். பெட்டியில் தட்டையாக வைத்து, அசங்காமல் கொண்டுபோக வேண்டும்.

நன்கு சூடாகி, விழித்து, தலையைத் தானே நிமிர்த்தும் அணிலுக்கு நீர் கொடுக்கலாம். மருந்துக்கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். போதும். ஒரு லிட்டர் பாக்கெட்டில் சிட்டிகை எடுத்து டம்ளரில் கரைத்தால் அளவு தப்பிவிடும். 200 மில்லி நீருக்கான சிறு பாக்கெட் கிடைக்கிறது, அதை வாங்கி முழுதாகக் கரையுங்கள். வெதுவெதுப்பாக இருக்கட்டும். ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சில் எடுத்து, உதட்டோரம் ஒரு சொட்டு. அது நக்கி விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. குட்டி குப்புற, நாலு காலும் கீழே ஊன்றி, தலை சற்று மேலே இருக்க வேண்டும். தாய் அணிலிடம் அது குடிக்கும் நிலை அதுதான். மனிதக் குழந்தையைப் போல் மல்லாத்தினால் என்ன ஆகும் என்பதற்கு என் வீடே சாட்சி. மூக்கில் நுரை வந்தால் உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்திப் பிடித்து மூக்கைத் துடையுங்கள். மூச்சில் 'டிக், டிக்' சத்தம் கேட்டால் நுரையீரலில் சளி கட்டுகிறது என்று பொருள். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

பூனை வாயிலிருந்து மீட்டதென்றால்

வெளியில் காயமே தெரியாது. "பூனை கவ்விட்டு விட்டுடுச்சு, ஒண்ணும் ஆகல" என்பார்கள். முடியை விலக்கிப் பார்த்தால் குண்டூசி முனை அளவில் பல் பதிந்திருக்கும். பூனையின் பல்லில் இருக்கும் கிருமி அந்த ஊசித்துளை வழியாக உள்ளே போய், ஓரிரு நாளில் ரத்தத்தையே கெடுத்துவிடும். நேற்று ஓடிய அணில் இன்று செத்துக் கிடப்பது இப்படித்தான். ஆகவே பூனை கவ்வியது உறுதியென்றால், காயம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டி ஆன்டிபயாடிக் கேளுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பிள்ளைகளின் மருந்தை ஊகத்தில் கொடுக்காதீர்கள். 100 கிராம் உடம்புக்கான அளவை நம்மால் கணக்கிட முடியாது. பாராசிட்டமால் போன்ற வலி மருந்துகளும் வேண்டாம்.

ரத்தம் வடிந்தால் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். காயம் கழுவ, கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பு. இவ்வளவுதான் நம் வேலை. மஞ்சள் தூள், காப்பித் தூள், சாம்பல், டெட்டால் எதுவும் போடாதீர்கள். அது நக்கும், வயிற்றுக்குள் போகும். காயத்தில் வெள்ளையாக ரவை போல் ஒட்டியிருந்தால் அது ஈ முட்டை. சில மணி நேரத்தில் புழுவாகிவிடும். முடி பிடுங்கும் சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். மாட்டுக்கு டர்பன்டைன் விடுவார்கள், அந்த யோசனையை அணிலிடம் காட்ட வேண்டாம்.

எலிக்கு வைக்கும் பசை அட்டையில் அணில் ஒட்டிக்கொள்வது இப்போது அடிக்கடி நடக்கிறது. பிய்த்து எடுத்தால் தோலும் சேர்ந்து வரும். திறந்து கிடக்கும் பசையின் மேல் முதலில் காகிதத்தை ஒட்டிவிடுங்கள். பிறகு ஒட்டியிருக்கும் இடத்தில் சமையல் எண்ணெயைச் சிறிது சிறிதாகத் தடவி விரலால் நெகிழ்த்தினால் கழன்று வரும். கண், மூக்குப் பக்கம் எண்ணெய் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் சொந்தக் கருத்து, அந்த அட்டையை யாரும் வீட்டில் வைக்கவே கூடாது. எலியானாலும் அப்படி இரண்டு நாள் ஒட்டிக்கிடந்து சாகவேண்டியதில்லை.

மின்கம்பியில் அடிபட்டு விழுந்தது கம்பியைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் கிட்டேயே போகாதீர்கள். பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

காயமில்லாத குட்டியாக இருந்தால்

ஏசி வெளிப்பெட்டி, மீட்டர் பெட்டி, வென்டிலேட்டர் இடுக்கு என்று அணில் கூடு கட்டாத இடமில்லை. தேங்காய் நார், பஞ்சு, கிழிந்த துணி எல்லாம் அதற்குள் இருக்கும். சர்வீஸ் ஆள் வந்து கூட்டைப் பிரித்த பிறகுதான் நமக்குத் தெரியும். காயமில்லாமல், கதகதப்பாக, கொழுகொழு என்று இருக்கும் குட்டிக்கு நம்மைவிட அதன் தாய்தான் தேவை. மனிதக் கை பட்டால் தாய் ஏற்காது என்பது தவறான பேச்சு. முதலில் குட்டியைச் சூடாக்கி, சின்னப் பெட்டியில் கூட்டின் நாரோடு வைத்து, விழுந்த இடத்துக்கு அருகில் நிழலில், பூனைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு நாம் கண்ணில் படாமல் ஒதுங்கிவிட வேண்டும். தாய் வந்து ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போகும்.

இதில் பெரிய எதிரி எறும்பு. மீன் பாத்திரத்துக்கு எறும்பு ஏறாமல் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் வைப்போமே, அதே போல ஸ்டூலின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி மேலே பெட்டியை வையுங்கள். அணில் பகலில்தான் நடமாடும். மக்ரிப் வரை தாய் வரவில்லையென்றால் இரவில் வரப்போவதில்லை. உள்ளே எடுத்துச் சூடு வைத்து, மறுநாள் விடிந்ததும் இன்னொரு முறை முயற்சி செய்யலாம்.

அதற்கும் வரவில்லையென்றால்தான் வளர்ப்பு. பசும்பால், பாக்கெட் பால், குழந்தைகளின் பால்பவுடர், பாலில் நனைத்த பிஸ்கட் எதுவும் சேராது. கழிச்சல் கண்டு நீர் வற்றிச் சாகும். செல்லப்பிராணிக் கடைகளில் நாய்க்குட்டிக்கான பால்பவுடர் விற்கிறது, கிடைப்பதில் அதுதான் நெருங்கியது. முதல் இரண்டு வேளை வெறும் ஓ.ஆர்.எஸ்., பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பாலைக் கூட்ட வேண்டும். ஒரு வேளைக்கு உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு: 20 கிராம் குட்டிக்கு 1 மில்லி. சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். முடி முளைக்காததற்கு இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவிலும் எழ வேண்டும். முடி வந்து கண் திறக்காததற்கு மூன்று மணி. கண் திறந்த பிறகு நான்கு மணி. வயிறு உப்பியிருந்தால் அந்த வேளையைத் தள்ளிப் போடுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: கண் திறக்காத குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. தாய் நக்கிவிட்டால்தான் போகும். ஒவ்வொரு வேளையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் பின்பக்கத்தை மெதுவாகத் தடவிவிட வேண்டும். பாலெல்லாம் சரியாகக் கொடுத்தும் மூன்றாம் நாள் குட்டி செத்துவிட்டது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

பால் மறக்கப் பத்து வாரம் போல் ஆகும். இடையில் பழம், ஊறவைத்த வேர்க்கடலை, கொய்யா, தளிர் எல்லாம் பழக்கலாம். வேர்க்கடலையும் பிஸ்கட்டுமாகவே வளர்ந்த அணிலுக்கு எலும்பு மெலிந்து பின்னங்கால் விழுந்துவிடும். கடற்கரையில் பொறுக்கிய கணவாய் ஓட்டைக் கழுவிக் காயவைத்துக் கூண்டில் போட்டால் கொறிக்கும். சுண்ணாம்புச் சத்து கிடைக்கும், பல்லும் தேயும்.

கடித்துவிட்டால்

சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அணில் கடியால் வெறிநோய் வருவது மிக மிக அரிது. பெரும்பாலும் அதற்கான ஊசி தேவைப்படுவதில்லை. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடமாயிற்று என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். நான் போனபோது எனக்கே நினைவில்லை, போட்டுவிட்டார்கள். பெட்டியைத் தொட்ட கையை ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அருகில் வர வேண்டாம்.

மருத்துவரிடம் எடுத்துப் போனால், "மாடு ஆடு பார்க்கிற இடத்துக்கு அணிலா?" என்று வரிசையில் நிற்பவர்கள் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டுப் போகட்டும். சில நேரம் மருத்துவரே, இனிப் பிழைக்காது, வேதனைதான் மிச்சம் என்று சொல்லலாம். அப்போது என்ன செய்வது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். வீட்டில் வாளித் தண்ணீரில் அமுக்குவது போன்ற காரியம் கூடாது.

குணமான அணிலை வைத்துக்கொள்ளலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கிறது. அதில் சந்தேகமுள்ளவர்கள் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், தோளில் ஏறி விளையாடப் பழகிய அணில் பூனையையும் நம்பிக் கிட்டே போகும். ஆகவே கண் திறந்ததும் கையில் தூக்குவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்ததும் கூண்டை மரத்தடியில் சில நாள் வைத்து, பிறகு காலை வேளையில் திறந்துவிட்டு, ஒரு வாரம் அதே இடத்தில் தீனியும் தண்ணீரும் வையுங்கள். வளர்ந்த அணில் அடிபட்டுத் தேறியதென்றால் பிடித்த மரத்தடியிலேயே விட வேண்டும்.

ஹவுளின் ஓரத்தில் இப்போது ஒரு சொரசொரப்பான பலகையைச் சாய்த்து வைத்திருக்கிறோம், விழுந்தது ஏறி வர. மொட்டைமாடித் தொட்டிக்கும் தரைத்தொட்டிக்கும் மூடி இருக்கிறதா என்று உங்கள் வீட்டிலும் பார்த்துக்கொள்ளுங்கள். டிரஸ்ட் அலுவலகத்தில் துளையிட்ட அட்டைப்பெட்டி இரண்டு, 1 மில்லி சிரிஞ்சுகள், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள், நாய்க்குட்டிப் பால்பவுடர் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறோம். வேண்டுவோர் அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில் வந்து வாங்கிக்கொள்ளலாம், கட்டணமில்லை. இரவில் அவசரமென்றால் அலுவலகத்துக்கு அடுத்த வீட்டில் கதவைத் தட்டுங்கள். தொப்பியில் அணிலை ஏந்தி வந்த பையனின் வீடு அதுதான், எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.